முசியே வண்டிக்குத் தொண்டை அடைப்பு

பால்காரனை ஊரில் பாதிப் பேராவது நம்புவார்கள், காட்டுவதற்கு அவனிடம் ஒரு மாடு இருக்கிறது. பெட்ரோல் ஊற்றுகிறவனிடம் அதுவும் இல்லை.

கடையிலோ கல்லாவிலோ நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேச்சு வாங்கிய வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், புதுச்சேரியில் ஒரு மோட்டார் பட்டறை வாசலில் பெட்ரோல் பம்புக்குத் துணையாக நான் நின்றிருக்கிறேன். பத்திரிகையில் வாங்கிய வசவையாவது ஆசிரியருக்குக் கடிதம் என்று அச்சடித்து வைத்திருக்கிறோம். பம்படியில் வாங்கியது காற்றோடு போயிற்று. அதில் ஒரே ஒரு வண்டி சம்பந்தப்பட்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன். உங்கள் தொழிலிலும் அப்படி ஒரு வண்டி கட்டாயம் வந்து நின்றிருக்கும்.

நுரைக்கு ஒரு வாய்தா

எங்கள் பம்பின் தலையில் இரண்டு கண்ணாடிக் குடங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஐந்து லிட்டர் பிடிக்கும். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு குடம் நிறையும். அது வண்டிக்குள் இறங்குகிறபோது அடுத்தது நிறையும். வாங்குகிறவர் கண்ணுக்கு அளவு தெரியட்டும் என்றுதான் செய்தவன் கண்ணாடியில் செய்தான். கண்ணாடி வைத்ததால் சந்தேகம் குறையவில்லை, அதற்கும் கண் தெரிய ஆரம்பித்தது, அவ்வளவுதான். குடத்தின் பின்பக்கம் போய்ப் பார்ப்பவர்கள் உண்டு. கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு, போன வாரத்துப் பெட்ரோல் இதைவிட நன்றாக இருந்தது என்று சொன்னவரும் உண்டு.

அவொக்கா என்று நாங்கள் சொல்லும் வக்கீல் ஒருவர் வருவார். கோர்ட்டில் அவர் பேசினால் நீதிபதிக்குத் தூக்கம் வரும் என்பார்கள். பம்படியில் அவரால் எங்களுக்குத் தூக்கம் போயிற்று. குடம் நிறைந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொல்வார். மேலே இருக்கும் மெல்லிய நுரை அடங்கும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டார். பெட்ரோலில் நுரை என்பது கண் மூடித் திறப்பதற்குள் அடங்கிவிடுமே என்று ஒரு நாள் நான் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைக் குறுக்கு விசாரணை செய்கிற கண்ணால் பார்த்தார்.

"அடங்கட்டும் தம்பி. நுரையப் போட்டுக்கிட்டு நான் வில்லியனூர் வரைக்கும் போக முடியாது."

இரவல் கொடுக்கும் கை

பிரெஞ்சு மரியாதையில் முசியே ஆகிவிட்ட ஞானப்பிரகாசம் சைகோனில் பிரெஞ்சு சர்க்காருக்கு நெடுங்காலம் வேலை பார்த்து, ஒரு பென்ஷனோடும் ஒரு நீல நிறக் காரோடும் கப்பலில் ஊர் திரும்பியவர். ஊரில் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் அப்போது ஒருவரை ஒருவர் ஹாரன் சத்தத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குத்தான் இருந்தார்கள். அதனால் கல்யாணமோ கருமாதியோ, கார் வேண்டியவர்கள் முசியே வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. வாடகை என்று யாராவது வாயெடுத்தால் கோபம் வந்துவிடும். வாடகை வாங்கினால் வண்டிக்காரர், வாங்காமல் கொடுத்தால் பெரிய மனுஷர். எந்தப் பந்தலிலும் முதல் நாற்காலி அவருக்குக் காத்திருந்தது.

ஒரே ஒரு மரியாதை மட்டும் உண்டு. இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தராமல் ஒரு கை சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள் இல்லையா, அந்த மாதிரி, முசியேயின் காரைத் திருப்பி விடும்போது தொட்டி முழுக்கப் பெட்ரோல் போட்டு விட வேண்டும். ஊர் முழுக்க முறை வைத்து இரவல் வாங்கியதில், முசியே தன் கைக்காசில் பெட்ரோல் போட்டு நான் பார்த்ததே இல்லை.

ஒரு முறை ஜவுளிக்கடை நாராயணசாமி மூத்த மகள் கல்யாணத்துக்கு வண்டியை வாங்கினார். ஊர்வலம் முடிந்து எங்களிடம் வந்தபோது அது வண்டியாகத் தெரியவில்லை, நகரும் சந்தனக்கட்டையாகத் தெரிந்தது. முன்விளக்கு, பின்விளக்கு, பெட்ரோல் மூடி என்று எதையும் விடாமல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் குருசுக்குப்பத்து மரியதாஸ் மகன் கல்யாணத்துக்குப் போய் வந்தபோது, மைதாப் பசை போட்டு ரோஸ் காகிதப் பூ ஒட்டியிருந்தார்கள். அந்தப் பூவின் மிச்சமும் சந்தனத்துக்கு அடியில் எட்டிப் பார்த்தது. நான் துடைக்க முடிந்ததைத் துடைத்துவிட்டு மூடியைத் திறந்து குழாயை வைத்தேன். பத்துக் குடம் பிடிக்க வேண்டிய தொட்டி. இரண்டு குடம் இறங்கியது. மூன்றாவதைத் திறந்ததும் தொட்டி ஏப்பம் விட்டு என் வேட்டியில் கொப்பளித்தது. நிரம்பிவிட்டது என்றுதானே அர்த்தம். நாராயணசாமி என் வேட்டியைப் பார்க்கவில்லை. வண்டியின் முதுகை அன்போடு தடவினார்.

"வண்டின்னா இதுதாம்பா வண்டி. கூச்சப்பட்ட விருந்தாளி மாதிரி ரெண்டு வாய் சாப்ட்டதும் போதும்னுடுது பாரு."

பிள்ளைச்சாவடிப் புஷ்புஷ்

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. புஷ்புஷ் என்று எங்கள் ஊரில் ஒரு வண்டி ஓடியது. உட்காருகிறவர் முன்னால் நீண்டிருக்கும் கம்பியைப் பிடித்துத் திசை திருப்புவார். பின்னாலிருந்து ஒருவன் வியர்க்க வியர்க்கத் தள்ளுவான். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர் நடப்பதில்லை. முசியேயின் ஷோபர் சவரி, கார் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் புஷ்புஷ் தள்ளியவன். தோளில் அதன் தழும்பு இருந்தது. ஸ்டியரிங் பிடிக்கும்போது அவன் கொஞ்சம் நிமிர்ந்தே உட்காருவான்.

நாராயணசாமி வீட்டுக் கல்யாணம் முடிந்து ஒரு வாரம் வண்டி ஊருக்குள் ஓடிய பிறகு, முசியே கனகசெட்டிக்குளத்தில் இருந்த தன் தென்னந்தோப்பைப் பார்க்கக் கிளம்பினார். போன வாரம்தான் தொட்டி நிரம்பிய வண்டி. அது பிள்ளைச்சாவடி தாண்டவில்லை. இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே வாசனைதான் இருந்தது. முசியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், சவரி பின்னாலிருந்து தள்ளினான். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வந்து கை கொடுத்தார்கள். காரில் வருவார் என்று பார்த்தால் முசியே நீல கலர் புஷ்புஷ்ஷில் வருகிறாரே என்று ஒருவர் சொன்னாராம். வண்டி நின்றதைவிட முசியேவுக்கு அதுதான் வலித்தது.

எங்கள் பட்டறைக்கு வண்டி வந்து சேர்ந்தபோது அவர் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார். தொட்டியை நாராயணசாமி நிரப்பினார், அதற்குச் சாட்சி நாங்கள். ஒரே வாரத்தில் தொட்டி காலி. நடுவில் வண்டி சவரி கையில் இருந்தது. ரப்பர் குழாய் போட்டு உறிஞ்சியிருக்கிறான். மாதா திருவிழா வரைக்கும் கெடு. அதற்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் போலீஸ் கொமிசேரிடம் ஒப்படைத்துவிடுவேன் என்றார். கொமிசேர் வரை போகவே தேவையில்லை. கார் வைத்திருந்த சில பேரில் ஒருவர் ஒரு ஷோபரைத் திருடன் என்று சொன்னால், மற்றவர்கள் யாரும் அவனை வண்டிப் பக்கம் விட மாட்டார்கள். சவரி திரும்பவும் புஷ்புஷ் தள்ளப் போக வேண்டியதுதான். தொட்டி இரண்டு குடத்திலேயே கொப்பளித்ததை அவன் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்தான். முசியே சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"பெட்ரோலுக்குக் கால் கெடையாது சவரி. ஒனக்கு ரெண்டு இருக்குது."

ஆளுக்கொரு வைத்தியம்

அன்று மாலை சவரி எங்கள் மெக்கானிக் கோவிந்தனைத் தேடி வந்தான். கள்ளு குடிப்பேன், சீட்டாடுவேன், எல்லாம் உண்மைதான், பெட்ரோல் மட்டும் தொட்டதில்லை என்று கர்த்தர் பெயரால் சொன்னான். கோவிந்தனுக்குக் கர்த்தரை விடத் தன் மூங்கில் குச்சியில் நம்பிக்கை அதிகம். குச்சியைத் தொட்டியின் கழுத்தில் விட்டார். ஒரு சாண் போய் முட்டியது. எடுத்துப் பார்த்தால் ஈரம். கழுத்து அந்த இடத்தில் வளைகிறது, அதனால் முட்டுகிறது என்றார். அடிப்பக்கம் ஒடுங்கித் தொட்டி சின்னதாகிவிட்டதோ என்று வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தார். மாப்பிள்ளை மாதிரி மழமழவென்று இருந்தது. முன்பக்கத்தில் பெட்ரோல் அளவு காட்ட ஒரு முள் உண்டு. அது கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து பாதியில் நிற்பது. அதை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

விஷயம் தெரிந்ததும் ஊர் வைத்தியம் பார்க்க வந்துவிட்டது. வண்டியைத் தெற்கு பார்த்து நிறுத்தினால் அப்படித்தான் என்றார் ஒருவர். ரெத்ரேத் ஆகி, அதாவது பென்ஷன் வாங்கி வந்த ஒரு பட்டாளத்துக்காரர், வெயிலில் பெட்ரோல் சுருங்கும், பிரான்சில் மார்செய்யில் இந்தத் தொல்லை கிடையாது என்றார். வெயிலில் சுருங்குவது எது, பெருகுவது எது என்று அவரிடம் விவாதிக்க எங்கள் முதலாளி லூர்துசாமி விடவில்லை. பட்டாளத்துக்காரர் வாரம் தவறாமல் பெட்ரோல் போடுகிறவர். முதலாளியின் கவலை ஒன்றுதான். பம்பின் அளவைப் பற்றி யாரும் பேச்செடுக்கக் கூடாது. சவரி திருடனானால் பம்பு யோக்கியமாகிவிடும் என்பதால், அவர் யார் பக்கமும் சாயாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு நாட்டு வைத்தியர் எழுந்தார். பெட்ரோலுக்கு வந்தவரல்ல, பட்டறை நிழலுக்கு வந்தவர். தொட்டியைப் பலாப்பழம் தட்டுவது போல நாலு இடத்தில் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள வாயு நிக்குதுங்க. அவசர அவசரமாத் திணிச்சா யாருக்குத்தான் எறங்கும்?"

பாலாடை

எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தன் மட்டும் சிரிக்கவில்லை. சொன்னது யாராக இருந்தாலும், மெதுவாக ஊற்றிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை என்றார். நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் குவளை ஒன்றை எடுத்து, பாலாடையில் பிள்ளைக்குப் புகட்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக என்னை ஊற்றச் சொன்னார். ஊற்றுவேன், நிறுத்துவேன், உள்ளே களுக்கென்று ஒரு சத்தம் வரும், மறுபடி ஊற்றுவேன். ஒரு காலை முழுவதும் போயிற்று. முசியே நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சவரி கையைக் கட்டிக்கொண்டு, தொட்டியைத் தொடவே மாட்டேன் என்பது போல எட்ட நின்றான். உச்சிவெயில் ஏறும்போது பத்தாவது குடமும் உள்ளே இறங்கிவிட்டது.

எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தொட்டியில் பழுதில்லை, வேகமாக ஊற்றினால் எதுவோ தடுக்கிறது, இரண்டு குடத்தில் கொப்பளித்ததை நிரம்பியது என்று எண்ணி வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். யாரும் திருடவில்லை, இரண்டு குடத்துக்கு மேல் பெட்ரோல் உள்ளே போகவே இல்லை. கோவிந்தன் இதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல முசியேவுக்கு விளக்கினார். வண்டி அன்று கனகசெட்டிக்குளம் போய், தோப்பைச் சுற்றி, இருமாமல் திரும்பி வந்தது. சவரி முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. முசியேவும் திருப்தியாகத்தான் இறங்கினார். அவர் எந்த இடத்தில் திருப்தியானார் என்பதுதான் எங்களுக்கு உடனே விளங்கவில்லை.

"பாத்தீங்களா? இத்தன பேர் காவல் இருந்தா ஒரு சொட்டு திருடு போவல."

அரக்கு முத்திரை

காவல் காக்க ஆள் வைத்தால் அந்த ஆளைக் காவல் காக்க இன்னொரு ஆள் வேண்டும். அதனால் முசியே தொட்டிக்கு முத்திரை வைப்பதென்று முடிவு செய்தார். சைகோனில் சர்க்கார் பெட்டிகளுக்கு அரக்கு வைத்த கை அது. மறுபடி பாலாடையால் நிரப்பிய தொட்டியை மூடி, மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு பெட்ரோல் மூடியின் மேல் அரக்கு உருக்கப் போனார். கோவிந்தன் அலறிக்கொண்டு ஓடிவந்து மெழுகுவத்தியைப் பிடுங்கி, பத்து கெஜம் தள்ளிப் போய் உருக்கி எடுத்து வந்தார். மூடி முழுக்கச் சிவப்பாக அரக்கு ஊற்றி, முசியே தன் மோதிரத்தை அழுத்தினார். இனி முத்திரை உடையாமல் ஒரு சொட்டு வெளியே போகாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை. கடற்கரையில் பேண்டு வாத்தியம். வெள்ளைக்காரரும் தமிழரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு உலாவுகிற நேரம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே நீலக் கார் இருமிவிட்டு நின்றது. சவரி இறங்கினான், பின்னால் போனான், தோளைக் கொடுத்தான். முசியே ஸ்டியரிங்கைப் பிடித்தார். பேண்டுக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தது அணிவகுப்பு மெட்டு. தள்ளலுக்கு அது சரியாகப் பொருந்திவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தெரு முழுக்க ஒதுங்கி நின்று வழி விட்டது. பட்டறைக்கு வந்ததும் முசியே உடையாத முத்திரையைக் காட்டினார். முத்திரைக்குள்ளேயே திருடிவிட்டான், இவன் சாதாரண திருடன் இல்லை என்றார்.

கோவிந்தன் உளியால் அரக்கைத் தட்டினார். மூடி 'உஸ்' என்று நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது. உள்ளே பெட்ரோல் கிட்டத்தட்ட விளிம்பு வரை இருந்தது. வண்டியை முடுக்கினோம். ஒரே முடுக்கில் பாடியது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போவதற்காக மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவு ஒரு துளை உண்டு. முசியேயின் மோதிரம் அழுந்தியது சரியாக அதன் மேல் என்று கோவிந்தன் விரலால் காட்டினார்.

"முசியே, நீங்க முத்திர வச்சது பெட்ரோலுக்கு இல்லீங்க, காத்துக்கு."

உள்ளே இருந்தவை

மாதா திருவிழா நெருங்கிவிட்டது. கோயில் கொடிமரத்துக்கு வண்ணம் பூச ஆரம்பித்திருந்தார்கள். வண்டி பட்டறையை அடைத்துக்கொண்டு நிற்கிறதென்று முதலாளி கத்திக்கொண்டிருந்தார். ஒரு காலையில் கோவிந்தன் தொட்டியைக் கழற்றி, பெட்ரோலைத் தகர டின்களில் வடித்துவிட்டு, வெறும் தொட்டியை வெயிலில் கொண்டு வந்து வைத்தார். பக்கத்து முடிதிருத்தும் கடையில் நான் கண்ணாடி இரவல் வாங்கி வந்தேன். அதைச் சாய்த்து வெயிலைக் கழுத்துக்குள் விட்டபோது, வளைவுக்கு முன்னால் ஏதோ மஞ்சளாகப் பளிச்சிட்டது. குச்சி முட்டியது வளைவில் இல்லை.

கோவிந்தன் உளி போட்டு நெம்பி எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைச் சல்லடை. அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குப் பூச்சு. கத்தியால் சுரண்டிக் காகிதத்தில் பரப்பினோம். சந்தனம், குங்குமம், மைதாப் பசை, ரோஸ் காகிதத் துணுக்கு, வேட்டித் துணியின் பஞ்சு, மஞ்சள் தடவிய ஒரு அரிசி. மூடியைத் திறந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விழுந்தது. இரண்டு மதமும் சண்டையில்லாமல் சேர்ந்து கட்டிய சுவர் அது ஒன்றுதான் அந்த ஊரில் எனக்குத் தெரியும்.

சல்லடையை வைத்தது யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. முசியே பார்த்த உடனே தெரிந்துகொண்டார். வண்டி கப்பலை விட்டு இறங்கிய வாரத்திலேயே, ஷோபர்கள் ரப்பர் குழாய் விட்டுப் பெட்ரோல் உறிஞ்சாமல் இருக்க பித்தளைப் பாத்திரம் செய்கிற ஒரு கன்னானைக் கூப்பிட்டு அவர்தான் வைக்கச் சொன்னாராம். சவரியிடம் சொல்லவில்லை, பூட்டு இருக்கும் இடத்தைத் திருடனிடம் யார் சொல்வார்கள்? அப்படியானால் சவரி எந்த வழியாக ரப்பர் குழாய் விட்டிருக்க முடியும் என்று கோவிந்தன் மெதுவாகக் கேட்டார். முசியே அந்தக் கேள்வியை, சரியான மேஜைக்கு வராத மனுவைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு எல்லோர் முன்னாலும் சவரியை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. வண்டியில் ஏறும் முன் திரும்பி, சவரியிடம் ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்.

"இந்தச் சல்லடயும் இல்லன்னா இன்னும் எவ்வளவு போயிருக்கும், யோசிச்சுப் பாரு."

பத்துக் குடம்

நாராயணசாமி இளைய மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மறுபடி அதே வண்டியை வாங்கினார். திருப்பி விடும்போது எங்களிடம் வந்தார். நான் ஊற்றினேன். மூன்றாவது குடத்துக்கு அவர் பையைத் தேடினார், இனி ஏப்பம் வரும் என்று. வரவில்லை. ஐந்தாவதில் இறங்கி வந்து கண்ணாடியைப் பார்த்தார். ஏழாவதில் குனிந்து வண்டிக்கு அடியில் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்த்தார். பத்தாவது இறங்கி முடிந்தபோது அவர் முகம், சம்பந்தி வீட்டார் கடைசி நேரத்தில் இன்னொரு சீர் கேட்டது போல இருந்தது. பழுது பார்த்துச் சரி செய்துவிட்டோம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஒங்கள யாருப்பா சரி பண்ணச் சொன்னது? விருந்தாளியா இருந்தத மாப்பிள்ளயா ஆக்கிட்டீங்களே."

சல்லடை போன இடம்

ஜவுளிக்கடையில் ஒரு செய்தி புறப்பட்டால் ஊர் முழுக்கப் போய்ச் சேர ஒரு புடவை மடிக்கிற நேரம் போதும். அடுத்த முகூர்த்தத்துக்கு நீலக் கார் கேட்டு யாரும் வரவில்லை. குருசுக்குப்பத்தில் ஜட்கா பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் காரெல்லாம் ஆடம்பரம், நடந்து போவதுதான் பக்தி என்று பேச ஆரம்பித்தார். போன மாதம் வரை அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. இரவல் கேட்பவர் இல்லாததால் முசியே பெட்ரோலைத் தானே வாங்க வேண்டி வந்தது. ஒரு பந்தலில் அவருக்கு இரண்டாவது வரிசையில் நாற்காலி போட்டிருந்ததாகச் சவரி வந்து சொன்னான். சொல்லும்போது அவன் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் முசியே பட்டறைக்கு நடந்தே வந்தார். வண்டியைச் சவரி முன்னாலேயே கொண்டு வந்து நிறுத்தியிருந்தான். என்னை எட்டப் போகச் சொல்லி, கோவிந்தனிடம் குரலைத் தாழ்த்தினார். காலம் கெட்டுக் கிடக்கிறது, திருட்டு பயம் அதிகம், அந்தச் சல்லடையைப் பழையபடியே வைத்துவிட முடியுமா என்று கேட்டார். கோவிந்தன் அதை அன்றைக்கே குப்பையில் போட்டாயிற்று என்றார். முசியே முகம் விழுந்துவிட்டது. அப்போது சவரி தன் இருக்கைக்கு அடியில் கையை விட்டு ஒரு துணி மூட்டையை எடுத்தான். அவிழ்த்தால் சல்லடை. புளி போட்டுத் தேய்த்துப் பொன் மாதிரி வைத்திருந்தான். எதற்கடா இது உனக்கு என்று முசியே கேட்டதற்கு, மறுபடி யாராவது திருடன் என்று சொன்னால் காட்டுவதற்கு என்றான். முசியே கையை நீட்டினார். சவரி அதை அவரிடம் கொடுக்கவில்லை. கோவிந்தனிடம் கொடுத்தான்.

"தாராளமா வையுங்கண்ணே. ஆனா இனிமே வண்டி நின்னா நான் ஸ்டியரிங்கப் புடிச்சுக்குறேன், முசியே தள்ளட்டும்."

தொட்டி நிரம்பவில்லை என்று யாராவது வந்து நின்றால், குச்சியை உள்ளே விடுவதற்கு முன்னால், நிரம்பினால் யாருக்கெல்லாம் நஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.